கை முந்துமா, மனசு முந்துமா?

'மொதல்ல மனசு மாறணும், அப்புறம் ஊர் தானா மாறும்.' தீண்டாமை பற்றிய பேச்சில் முற்போக்காளர்களும் இதையே சொல்கிறார்கள். நம்பிக்கை மூளையில் பிறந்து கைக்கு இறங்குகிறது என்ற கருத்துமுதல்வாதம் இது.

'சாதி ஒழிப்பு' (1936) நூலில் சாதியை ஒரு மனநிலை என்றார் அம்பேத்கர். சாஸ்திரங்களின் புனிதத்தைத் தகர்க்கச் சொன்னார். ஆனால் 1927இல் மகத் குளத்தில் ஆயிரக்கணக்கானவர்களோடு தண்ணீர் அள்ளிக் குடித்தவரும் அவரே. யார் மனசும் மாறக் காத்திருக்கவில்லை. சடங்கைச் செய்யச் செய்யத்தான் நம்பிக்கை உருவாகிறது என்று 1970இல் அல்தூஸர், பாஸ்கலைத் துணைக்கழைத்து வாதிட்டார்.

செம்பட்டியிலிருந்து பார்த்தால் இது வெறும் புத்தகச் சங்கதியல்ல. மதுரை, திண்டுக்கல் வட்டாரக் கிராமங்களில் யாரும் மநுவைப் படித்துச் சாதி கற்கவில்லை. எந்தக் குவளையை எடுப்பது, யார் கழுவிவைப்பது, எங்கே குந்துவது என்று டீக்கடையில் கை பழகியது. மனசு பிறகு காரணம் தேடிக்கொண்டது.

அப்புறம் காகிதக் கப் வந்தது. குடி, கசக்கி எறி. பிளாஸ்டிக் பூசிய கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை. தடை முழுசாக நடந்து கண்ணாடி டம்ளர் திரும்பினால், ஒரே வரிசையா, ரெண்டா? காகிதக் கப் அந்தக் கேள்வியைத் தீர்க்கவில்லை; தள்ளிப்போட்டிருக்கிறது. நம்பிக்கையோடு வாதாடுவோம், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் சண்டை தொடங்க வேண்டிய இடம் டம்ளர்.