சபையோர் கேளாத வரிகள்: கூத்துக் கொப்பியும் கணினிக் கதைப் பிரதியும்

நாடகப் பிரதி ஒன்றிலே இருவகை எழுத்துக்கள் உள. ஒன்று பாத்திரம் பாடுவதற்கும் பேசுவதற்கும் உரியது. மற்றையது சபையோர் ஒருபோதும் கேளாதது; ஆடுவோனுக்கும் ஆட்டுவிப்போனுக்கும் மாத்திரமே உரியது. முன்னையதை இலக்கியம் எனப் போற்றும் நாம் பின்னையதைப் பொருட்படுத்துவதில்லை. மட்டக்களப்பு வாவிக் கரையூர்களின் கூத்துக் கொப்பியையும் இன்றைய கணினிக் காட்சிக் கதையின் பிரதியையும் அருகருகே வைத்து, அவ்விரண்டாம் வகை எழுத்தின் பயனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

காட்சிக் கதை என்பது படமும் இசையும் உரையாடலும் இணைந்த கணினி விளையாட்டு. படிப்போன் இடையிடையே ஒரு வழியைத் தெரிந்தெடுப்பான். அதற்கேற்பக் கதை கிளைத்துச் செல்லும். யப்பானிலே செழித்த இவ்வடிவத்தை எவரும் ஆக்கத்தக்கதாகச் செய்த கருவிகளுள் 2004 இல் வெளிவந்த 'ரென்பை' குறிப்பிடத்தக்கது. அதன் பிரதியில் 'ஹாஷ்' என்னும் குறியை இட்டு எழுதும் குறிப்பை இயந்திரம் வாசியாது கடந்து செல்லும்; விளையாடுவோனும் அதனைக் காணான். அது எழுதியவன் தனக்கும் தன் கூட்டாளிகளுக்கும் எழுதி வைப்பது.

கூத்துக் கொப்பியிலும் இத்தகைய வரிகள் உள. காப்பு, கட்டியகாரன் வரவு, வரவு விருத்தம், தரு, கொச்சகம், வசனம் என்னும் தலைப்புக்கள் களரியிலே பாடப்படுவன அல்ல. வருபவர் யார், அடுத்து வருவது எவ்வகைப் பாட்டு என்பவற்றை அவை அண்ணாவியாருக்கு உணர்த்துகின்றன. ஆனால், அவற்றின் பணி பெரும்பாலும் அவ்வளவில் நின்றுவிடுகிறது. எவ்விடத்தில் மத்தளம் விரைய வேண்டும், பிற்பாட்டுக்காரர் எவ்வடியை மீட்டுப் பாட வேண்டும், அரசன் ஏன் அந்த இடத்தில் ஆட்டத்தை நிறுத்துகிறான் என்பவற்றைக் கொப்பியில் தேடிப் பயனில்லை.

இது குறையன்று. சட்டங் கொடுத்த நாள் முதலாகச் சதங்கை அணிந்து அரங்கேறும் வரை, மாதக்கணக்கில் அண்ணாவியார் ஆட்டக்காரரைப் பழக்குகின்றார். முன்னர் ஆடியவர்கள் சுற்றியிருந்து பிழை திருத்துகின்றனர். கொப்பிக்கு ஊரே உரையாய் இருந்தமையாற் கொப்பி சுருக்கமாய் இருந்தது.

ஆயின் ஊர் கலைந்தால் என் செய்வது? 1978 நவம்பரில் வீசிய சூறாவளியும் பின்வந்த போர்க்கால இடப்பெயர்வுகளும் இப்பகுதி ஊர்களைச் சிதைத்தமை நாம் அறிந்ததே. அண்ணாவியார் மறைந்து கொப்பி மாத்திரம் எஞ்சுமிடத்துப் பாட்டு உண்டு, ஆட்டம் இல்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962 இல் அலங்காரரூபன் நாடகத்தைப் பதிப்பித்தமை பெரும்பணி. எனினும், அச்சேறிய பாடம் பாட்டைக் காப்பதுபோல் ஆட்டத்தைக் காக்க இயலாது. பேராசிரியர் சி. மௌனகுரு போன்றோர் ஆட்ட முறைகளையும் ஆராய்ந்து எழுத நேர்ந்தது இதனாலேயே.

குறிப்பின் வலிமைக்கு இம்மண்ணிலேயே சான்று உண்டு. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் 1947 இல் வெளியிட்ட யாழ்நூலிலே, வழக்கொழிந்த யாழை மீட்டெடுக்கச் சிலப்பதிகார அரங்கேற்று காதையையும் அதன் பழைய உரைகளையும் துணைக்கொண்டார். உரையாசிரியர் எழுதி வைத்த விளக்கங்கள் பல நூற்றாண்டு கடந்து பயன்பட்டன.

காட்சிக் கதை எழுதுவோனுக்கோ உரையாய் நிற்கும் ஊர் தொடக்கத்திலிருந்தே இல்லை. எம் தோழர் ஒருவர் வாவியைக் களமாகக் கொண்டு அத்தகைய கதையொன்றை எழுதினார். பரீட்சைக்காக மூன்று மாதம் ஒதுக்கி வைத்துவிட்டு மீண்டும் திறந்தபோது, தம் பிரதி தமக்கே விளங்காது திகைத்தார். குறிப்புக்கள் இல்லாமலில்லை. 'இங்கே தோணிப் படம் வரும்' என்பது போன்றவை நிறைய இருந்தன. படத்தை அழைக்கும் கட்டளை அடுத்த வரியிலேயே இருக்க, அக்குறிப்பால் யாது பயன்? 'கல்லடிப் பாலத்தில் அவன் பொய் சொன்னதை இவள் இன்னும் அறியாள். ஆதலால் இங்கு நீர் என்றே பேசுகிறாள்' என்று எழுதியிருப்பின், அந்த ஒரு வரி மூன்று மாத மறதியை வென்றிருக்கும். நிகழ்வதைப் பிரதியே கூறும்; அதற்கான காரணத்தைக் கூறுவதே குறிப்பின் கடன்.

மொழிபெயர்ப்பில் இவ்வுண்மை மேலும் துலங்கும். ரென்பை ஆக்கித் தரும் மொழிபெயர்ப்புக் கோப்பிலே மூலவரி ஒவ்வொன்றும் குறிப்பாகவே மேலே நிற்கும். கீழே பெயர்ப்பை எழுத வேண்டும். ஆங்கிலத்தின் முன்னிலைச் சொல் ஒன்றே. அதனை நீ என்பதா, நீர் என்பதா, நீங்கள் என்பதா? இருவருக்கும் உள்ள உறவு அருகே குறிக்கப்படாவிடின், தமிழாக்குவோன் ஊகித்தே எழுத வேண்டும்.

ஒழுங்கும் வேண்டற்பாலது. கோப்பின் தலையில் கதைப்பகுதியின் சுருக்கம் அமைதல் நன்று. ஒவ்வொரு கிளையின் வாயிலிலும், எங்கிருந்து இங்கு வரலாம், பாத்திரங்கள் இதுவரை எதனை அறிவர் என்பவை இடம்பெற வேண்டும். எழுதி முடியாத இடங்களுக்கெல்லாம் ஒரே அடையாளச் சொல்லை இட்டால் அவற்றைத் தேடி எடுப்பது எளிது. கதையை மாற்றும்போது குறிப்பையும் மாற்றுதல் இன்றியமையாதது. பழைய குறிப்பு பிழையான வழியைக் காட்டும். குறிப்பு மிகுந்தாற் பிரதி அதனுள் மூழ்கிவிடும் என்பாரும் உளர். அது மெய்யே. தெளிவற்ற காட்சியைத் திருத்தி எழுதுவதே முறை; அதனைக் குறிப்பால் மூடுதல் தகாது.

கணினியின் முன் இருப்போர் கற்கவேண்டிய இப்பாடம் கூத்தை நேசிப்போருக்கும் உரியது. அண்ணாவிமார் சிலர் இன்னும் எம்மிடையே வாழ்கின்றனர். அவர்களுள் ஒருவருடன் அமர்ந்து, அடிக்கு அடி வினவி, ஒரு கொப்பியின் வெற்று ஓரங்களை நிரப்புதல், கலைப்பீட மாணவர் நால்வர் ஓராண்டிற் செய்து முடிக்கத்தக்க பணியே. அதனை அவர்கள் உள்ளபோதே செய்தல் வேண்டும்.