கேச்சை அழித்தால் போதுமா?

அக்கா மகளுக்கு ஒரு விண்ணப்பம் போட, போன வாரம் ஆண்டிமடத்தில் இன்டர்நெட் சென்டருக்குப் போயிருந்தோம். கடைசித் தேதி முந்தின நாளே முடிந்துவிட்டதாகத் தளம் காட்டியது. "போச்சா மாமா?" என்றாள். சந்தேகத்தில் என் போனில் திறந்து பார்த்தேன். தேதியை நீட்டித்திருக்கிறார்கள்!

சென்டர் தம்பி அசரவில்லை. "கேச் கிளியர் பண்ணா வந்துரும்ணே." வந்தது. ஆனால் குக்கீயும் சேர்ந்து அழிந்ததில், பக்கத்து டேபில் வேறொருவருக்குப் பாதி நிரப்பியிருந்த விண்ணப்பம் லாகினோடு போய்விட்டது.

அந்தத் தளத்தின் உதவிப் பக்கமும் இதே வைத்தியத்தைத்தான் சொல்கிறது. என் விமர்சனம் அதன் மேல்தான். தப்பு தளத்துடையது, பரிகாரம் மட்டும் நம்முடையதாம்.

ஒருமுறை இறக்கிய பக்கத்தை பிரவுசர் நகலெடுத்து வைப்பது வேகத்துக்காக. அந்த நகல் எவ்வளவு நேரம் செல்லும் என்பதைச் சர்வர்தான் 'கேச்-கண்ட்ரோல்' என்ற குறிப்பில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பிரவுசர் ஊகிக்கும். பக்கம் கடைசியாக மாறி எத்தனை நாள் ஆனதோ, அதில் 10 சதவீதம் என்பது வழக்கமான கணக்கு. 2022-இல் வந்த ஆர்எஃப்சி 9111 தரநிலையிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. அதாவது 100 நாளாக மாறாத பக்கத்தின் நகலை, சர்வரைக் கேட்காமலே சுமார் 10 நாள் காட்டலாம்.

வீட்டுக்கு வந்து எஃப்12 அழுத்தி நெட்வொர்க் பகுதியில் பார்த்தேன். கடைசியாக மாறிய தேதி இருந்தது, கேச்-கண்ட்ரோல் இல்லை. சென்டர் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கத்தை ஏற்கெனவே பலர் திறந்திருப்பார்கள். என் போன் அன்றுதான் முதல்முறை திறந்தது.

தளம் செய்ய வேண்டியது ஒரே வரி: 'நோ-கேச்'. பேரைப் பார்த்து ஏமாற வேண்டாம். சேமிக்காதே என்று அதற்குப் பொருள் இல்லை. காட்டும் முன் ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேள் என்றுதான் பொருள். பக்கம் மாறவில்லை என்றால் சர்வர் 304 என்று சின்னதாகப் பதில் சொல்லும், டேட்டா பெரிதாகச் செலவாகாது. சேமிக்கவே கூடாது என்பதற்கு 'நோ-ஸ்டோர்'. பலர் உட்காரும் கம்ப்யூட்டரில் திறக்கப்படும் சொந்த விவரப் பக்கங்களுக்கு அதுதான் வேண்டும்.

நம் பக்கம் செய்யக்கூடியது: முதலில் கன்ட்ரோல்+எஃப்5. அந்தப் பக்கம் மட்டும் புதிதாக இறங்கும். சரியாகவில்லையா, பிரைவேட் விண்டோவில் திறந்து பாருங்கள். அங்கேயும் பழசு வந்தால் கோளாறு பெரும்பாலும் அவர்கள் பக்கம், அழித்துப் பயனில்லை. அழித்தே ஆக வேண்டுமென்றால் சேமித்த படங்கள், கோப்புகளை மட்டும் டிக் செய்யுங்கள். குக்கீயைத் தொடாதீர்கள்.

அக்கா மகள் விண்ணப்பம் போட்டுவிட்டாள். அதே நாற்காலியில் பழைய தேதியைப் பார்த்துவிட்டு எழுந்து போனவர்களுக்கு, அழிக்க ஒரு கேச் இருக்கிறது என்பதே தெரிந்திருக்காது.