முதல்வன் என்கிற பட்டம்

ஒரு கலைஞனைக் கேட்காமலே கௌரவிக்க நமக்குள்ள சுலபமான வழி, அவனை 'முதல்வன்' என்று சொல்லிவிடுவது. சரண்ஜித் சிங்குக்கு நேர்ந்தது இதுதான்.

பம்பாய் சினிமா ஒலிப்பதிவுக் கூடங்களில் கிதாரும் சிந்தஸைசரும் வாசித்தவர் அவர். டிஸ்கோ மோகம் ஹிந்தி சினிமாவை ஆட்டிக்கொண்டிருந்த 1982இல், ஜூபிடர்-8, டிஆர்-808, டிபி-303 என்ற மூன்று ரோலண்ட் இயந்திரங்களைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். தட்டு விலைபோகவில்லை. 2010இல் ஒரு டச்சு நிறுவனம் மறுபதிப்பாகக் கொண்டுவந்ததும் ஆரவாரம் எழுந்தது: 1987இல் சிகாகோவின் ஃப்யூச்சர் குழு வெளியிட்ட 'ஆசிட் ட்ராக்ஸ்' என்ற தட்டுக்கு ஐந்தாண்டுகள் முன்பே ஆசிட் ஹவுஸைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர் என்று. 2015இல் அவர் இறந்தபோதும் இதையே திருப்பிச் சொன்னார்கள்.

இதில் தேதி ஒப்பீடு இருக்கிறது, விமர்சனம் இல்லை. சிகாகோக்காரர்கள் 303இல் ஒரு சிறு ஸ்வரக்கோவையை ஓடவிட்டு அதன் திருகுகளைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். அவர்கள் தேடியது நாதத்தின் நிறம். சரண்ஜித் சிங்கின் அக்கறை ராகத்தின் ஸ்வரங்கள். இருவரும் தொட்ட இயந்திரம் ஒன்று. செய்த காரியம் வேறு.

அவர் செய்தது என்ன? நம் கச்சேரியில் சுருதி அசையாதது. தம்பூரா போய் மின் சுருதிப்பெட்டி வந்ததை நாம் முணுமுணுப்பின்றி ஏற்றோம். மேல்பட்டாம்பாக்கத்துத் திருவிழாவில் நாதஸ்வரத்தின் பக்கத்திலும் அது இருக்கிறது. பின்னால் நின்று சேவகம் செய்கிறவரை இயந்திரத்தோடு நமக்குத் தகராறில்லை. இந்தத் தட்டிலோ, பின்னால் நிற்க வேண்டியது நடக்கத் தொடங்கிவிடுகிறது. 303 ராகத்தின் ஸ்வரங்களைக் கீழ்ஸ்தாயியில் சுழற்றுகிறது. ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கியும் செல்கிறது. அதன் மீது ஜூபிடரில் விரல்கள் தயங்கி, தாவி, திரும்பி வருகின்றன. வங்கியில் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கும் எனக்கு, ஓர் இயந்திரம் பிசகாமல் திரும்பச் செய்வது அதிசயமில்லை. அந்தப் பிசகாமையின் மீது ஒரு மனிதக் கை தயங்குவது, பைரவில் எனக்குக் கேட்கிறது, அதுதான் அனுபவம்.

குறையும் அங்கேயே இருக்கிறது. விடியலின் லலித், நள்ளிரவின் மால்கௌன்ஸ், மழையின் மேக் மல்ஹார் எல்லாம் ஏறத்தாழ ஐந்து நிமிஷத்தில், ஒரே துடிப்பில் முடிந்துவிடுகின்றன. ராகம் மெல்ல விரிவதற்கான காலம் மறுக்கப்படுகிறது. ஸ்வர வரிசை மட்டுமே ராகமாகிவிடாது. பல இடங்களில் 808 எதையும் கேட்டுக்கொள்வதில்லை. தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டே போகிறது. பத்தில் சில ராகங்கள்தான் இந்தத் துடிப்பைத் தமதாக்கிக்கொள்கின்றன.

இதை 1982இல் யாராவது அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். கர்நாடக சங்கீதமென்றால் பக்தி, சினிமா இசையென்றால் கட்சிச் சண்டை என்று இரண்டே சுபாவங்கள் கொண்ட நம் சூழலும் சொல்லியிருக்காது. அன்றைய மௌனத்துக்கும் பிற்பாடு வந்த புகழுக்கும் பெரிய வித்தியாசமில்லை. இரண்டுக்குமே தட்டைக் கேட்க வேண்டிய அவசியம் இருக்கவில்லை.