சுடானி என்றால் யார்?

போன ஞாயிற்றுக்கிழமை 'சுடானி ஃப்ரம் நைஜீரியா' (2018) மறுபடி பார்த்தேன். ஸக்கரியா இயக்கிய மலையாளப் படம். சிறந்த மலையாளப் படத்துக்கான தேசிய விருது வாங்கியது. மலப்புரத்தில் செவன்ஸ் ஃபுட்பால் டீம் நடத்தும் மஜீத் (சௌபின் ஷாஹிர்), அடிபட்டுக் கிடக்கும் நைஜீரிய ஆட்டக்காரர் சாமுவேலை (சாமுவேல் அபியோலா ராபின்சன்) தன் வீட்டுக்கே கூட்டி வருகிறார். அம்மா ஜமீலாவும் பீயும்மாவும் பெத்த பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

ஊரே அவரை 'சுடானி' என்கிறது. ஆப்பிரிக்கர் யாராக இருந்தாலும் அங்கே சுடானிதான். முதல் தடவை சிரித்தேன். இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை.

காரணம், 2016 ஜனவரி 31. பெங்களூரு ஹெசரகட்டா பக்கம் ஒரு சூடான் மாணவர் ஓட்டிய கார் மோதி உள்ளூர்ப் பெண் ஒருவர் இறந்துபோனார். கொஞ்ச நேரம் கழித்து வேறு காரில் அந்த வழியே வந்தவர் ஒரு தான்சானியா மாணவி. விபத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. கூட்டம் அவரை இழுத்துப்போட்டு அடித்தது, காரைக் கொளுத்தியது. மலப்புரத்தில் செல்லப்பெயராக இருக்கும் அதே குழப்பம், இங்கே தீ வைக்கிறது.

நம்மையும் அந்த வருஷமே அப்படித்தான் பார்த்தார்கள். செப்டம்பர் 12, காவிரிக் கலவரம். பெங்களூரில் டிஎன் நம்பர் பிளேட் இருந்தாலே வண்டி எரிந்தது. உள்ளே இருப்பவன் யாரென்று எவனும் கேட்கவில்லை. அத்திப்பள்ளி வரை வந்து, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஜூஜூவாடிக்கு நடந்தவர்களை ஓசூர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

படத்தில் எனக்கொரு குறை உண்டு. சாமுவேல் கட்டிலில் கிடக்கும்போதுதான் ஊர் அவரை முழுசாக நேசிக்கிறது. எழுந்து நடமாடி, வாடகைக்கு வீடு கேட்டு, நியாயமான சம்பளம் கேட்டிருந்தால்? படம் வெளிவந்தபின் ராபின்சனே, நிறத்தால்தான் தனக்குக் குறைந்த சம்பளம் என்று பகிரங்கமாகச் சொன்னார். தயாரிப்பாளர்கள் மறுத்தார்கள். பிறகு பேசித் தீர்த்து, அவரும் இனவெறிக் குற்றச்சாட்டைத் திரும்பப் பெற்றார். ஆனாலும் படம் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.

சிப்காட் பக்கம் ஒடிசா, பீகார், அஸ்ஸாம் எல்லாரும் நமக்கு 'ஹிந்திக்காரன்'. எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேனிடம் ஒரு வருஷமாக என் ஓட்டை ஹிந்தியில் பேசிக்கொண்டிருந்தேன். அவர் அஸ்ஸாம், வீட்டில் பேசுவது போடோ. அவருக்கும் ஹிந்தி ஓட்டைதானாம்! நானும் அவருக்கு ஒரு 'சுடானி' பெயர்தான் வைத்திருந்திருக்கிறேன்.

பார்க்காதவர்கள் பாருங்கள். இரண்டு அம்மாக்களுக்காகவே பார்க்கலாம்.