ஆளில்லா நிலம், ஆளில்லா நகரம்: மைக்கேல் கென்னாவின் ஒளிப்படங்கள்

மைக்கேல் கென்னாவின் படங்களில் மனிதர்களைத் தேடினால் ஏமாற்றமே மிஞ்சும். பனி மூடிய வயலில் ஒற்றை மரம் நிற்கும். கடலுக்குள் மரக்கம்பங்கள் வரிசையாக இறங்கும். விளக்கெரியும் பாலம் இருக்கும், புகை விடும் கோபுரம் இருக்கும். அங்கே குடியிருப்பவரும் உழைப்பவரும் இருக்கமாட்டார்கள். இந்த இல்லாமை சில படங்களில் பெரும் வலிமையாக நிற்கிறது. வேறு சிலவற்றிலோ வெறும் பழக்கமாகிவிட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் புகழ்வது அவருடைய நல்ல படங்களுக்குச் செய்யும் அநீதி.

1953இல் இங்கிலாந்தின் விட்னஸ் என்னும் ரசாயனத் தொழிற்சாலை ஊரில், உழைக்கும் குடும்பமொன்றில் பிறந்தவர் கென்னா. பாதிரியாராகும் எண்ணத்தோடு இளம் வயதில் குருமடத்தில் படித்தார். பிறகு லண்டனில் ஒளிப்படக்கலை பயின்றார். சான் பிரான்சிஸ்கோவில் ரூத் பெர்ன்ஹார்ட் என்ற மூத்த கலைஞருக்குப் பல ஆண்டுகள் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார். அந்த இருட்டறைப் பயிற்சி அவருடைய ஒவ்வொரு சாம்பல் நிறப் படிவிலும் தெரிகிறது. ஹாஸல்பிளாட் கேமரா, ஃபிலிம், கறுப்பு வெள்ளை, சதுரச் சட்டகம் ஆகியவற்றை டிஜிட்டல் காலத்திலும் அவர் விடவில்லை. பிரிண்ட்களின் ஒரு பக்கத்தின் நீளம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர்தான். ஆந்திரியாஸ் குர்ஸ்கி போன்றவர்கள் சுவரை நிறைக்கும் படங்களால் பார்வையாளரைப் பின்னுக்குத் தள்ளுகிற காலத்தில், கென்னாவின் படம் நம்மைக் கிட்டே வரச்சொல்கிறது. ஒரு படத்தின் முன்னால் ஒருவர்தான் நிற்க முடியும். இந்தச் சிறிய அளவு அவர் எடுத்த சிறந்த முடிவுகளில் ஒன்று என்பேன்.

இரவில் அவர் ஷட்டரை நிமிடக்கணக்கில், சில வேளைகளில் பத்து மணி நேரம் வரைகூடத் திறந்து வைக்கிறார். அலைகள் மூடுபனியாகப் படிகின்றன, நட்சத்திரங்கள் கோடுகளாக வளைகின்றன. நடந்து போகிறவர்கள் பதிவாகாமலே மறைந்துவிடுகிறார்கள். 1838இல், ஒளிப்படக்கலையின் தொடக்க நாட்களில், டாகேர் எடுத்த பாரிஸ் சாலைப் படத்திலும் இதே மறைவு உண்டு. சந்தடி மிக்க அந்தத் தெருவில், ஓரிடத்தில் அசையாமல் நின்று காலணிக்கு மெருகு போட்டுக்கொண்ட ஒருவர் மட்டுமே தெளிவாகத் தெரிகிறார். அன்றைய தகடுகளில் படம் பதிய நெடுநேரம் ஆனதால் டாகேருக்கு வேறு வழி இருக்கவில்லை. கென்னா இந்த மறைவைத் தெரிந்தே தேர்கிறார். ஆகவே யாரை எதற்காக மறைக்கிறார் என்று அவரிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

இக்கேள்விக்கு அவர் தந்த மிக நல்ல பதில் ராட்கிளிஃப் வரிசை. நாட்டிங்ஹாம்ஷயரில் எட்டுப் பெரிய குளிர்விப்புக் கோபுரங்களோடு நின்ற நிலக்கரி மின்நிலையத்தை 1984 முதல் 2003 வரை திரும்பத் திரும்பப் போய்ப் படமெடுத்தார். மின்விளக்குகளின் ஒளி நீராவியில் பட்டுச் சிதற, கோபுரங்கள் இருளிலிருந்து பாதி எழுந்து நிற்கின்றன. அவை அழகாக இருக்கின்றன, அச்சமும் ஊட்டுகின்றன. காற்றைக் கெடுக்கும் ஒன்றை இவ்வளவு அழகாகக் காட்டலாமா என்ற உறுத்தல் பார்ப்பவருக்குள் எழுகிறது. கென்னா அதைத் தணிக்க முயல்வதில்லை. தொழிற்சாலைப் புகையின் கீழே வளர்ந்தவருக்கு அந்தக் கோபுரங்களோடு இருக்கும் உறவு படத்தின் அடர்த்தியில் புரிகிறது. அழகாக்க முயலும் கைக்குப் பொருள் எளிதில் அடங்க மறுக்கும் இடத்தில்தான் அவருடைய கலை உயர்கிறது.

நாஜி வதைமுகாம்களைப் பல ஆண்டுகள் சுற்றி எடுத்து பிரான்சுக்கு நன்கொடையாக அளித்த படங்களுக்கும் இது பொருந்தும். அங்கே ஆளில்லாமைதான் சொல்ல வேண்டிய செய்தி. கொல்லப்பட்டவர்களின் இடத்தை வேறெந்த உருவத்தாலும் நிரப்ப முடியாது.

ஜப்பானின் ஹொக்கைடோவில் எடுத்த பனிப் படங்களுக்கு வரும்போது, அடங்க மறுக்கும் பொருளின் இந்த எதிர்ப்பு காணாமல் போகிறது. வெள்ளை நிலமும் வெள்ளை வானும் ஏற்கனவே பாதி வேலையை முடித்துவிடுகின்றன. நடுவில் ஒரு கரிய மரம் போதும். குஷாரோ ஏரிக்கரையில் சாய்ந்து நின்ற ஓக் மரத்தின் படங்கள் விதிவிலக்கு. ஒரு மரத்தோடு கொண்ட நெடுநாள் உறவு அவற்றில் இருக்கிறது, அந்த மரமும் 2009இல் வெட்டப்பட்டுவிட்டது. மற்றவற்றில் பலவும் ஒரே அச்சில் வார்த்தவை. இன்று ஏராளமானோர் அந்தப் பாணியை எளிதில் பின்பற்ற முடிவதற்கு, அது பாதி சூத்திரமாகிவிட்டதும் ஒரு காரணம்.

தென்கொரியாவின் வோல்சியோனில் 2007இல் அவர் எடுத்த பைன் தோப்புப் படம் இந்தச் சிக்கலின் இரு முகங்களையும் காட்டுகிறது. எரிவாயு முனையத் திட்டத்தால் அழியவிருந்த அந்தத் தோப்பு தப்பியதில் படத்தின் புகழுக்குப் பங்குண்டு. பிறகு கொரியன் ஏர் நிறுவனம் ஏறக்குறைய அதே கோணத்தில் வேறொருவர் எடுத்த படத்தை விளம்பரத்தில் பயன்படுத்த, கென்னாவின் கேலரி வழக்குத் தொடுத்தது. 2014இல் சியோல் நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. இயற்கைக் காட்சியை எந்த இடத்திலிருந்து, எந்தக் கோணத்தில் எடுப்பது என்பது யாருக்கும் தனியுரிமையாகாது என்பது தீர்ப்பின் சாரம். சட்டப்படி அது சரியே. கலைப்படியும் அதில் ஓர் உண்மை உண்டு: இடத்தைக் கண்டுபிடிப்பதையே சாதனையாகக் கொண்ட படத்தை, இடம் தெரிந்த இன்னொருவர் நெருங்கிவிட முடியும்.

நகரப் படங்களைப் பற்றிய என் குறை இன்னும் கடுமையானது. பாரிஸ், வெனிஸ், நியூயார்க், ஷாங்காய் எல்லாம் அவர் கையில் ஒரே அமைதிக்குள் போய்விடுகின்றன. கென்னா தன் முன்னோடியாகப் போற்றுபவர் பில் பிரான்ட். பிரான்ட் படமெடுத்த ஹாலிஃபாக்ஸ் சந்துக்கே போய், 1986இல் கென்னா மரியாதையாக ஒரு படமும் எடுத்திருக்கிறார். அதே பிரான்ட் 1937இல், பொறுக்கிய நிலக்கரியை மூட்டையாகச் சைக்கிளில் தள்ளிக்கொண்டு ஜாரோவுக்குத் திரும்பும் ஒரு மனிதரைப் படமெடுத்தார். பிரான்டின் இருளைக் கென்னா முழுமையாக எடுத்துக்கொண்டார். அந்த மனிதரை எடுத்துக்கொள்ளவில்லை. வயலுக்கு ஆளில்லாமல் ஒரு பொழுது உண்டு. நகரமோ ஆட்களால் ஆனது, அவர்களை நீக்கிய பிறகு எஞ்சுவது கட்டடக் கலையின் அழகு மட்டுமே.

கென்னாவைப் புதிதாகப் பார்க்க விரும்புகிறவர்கள் பனிமரங்களை ஒத்திவைத்துவிட்டு, முதலில் ராட்கிளிஃப் படங்களைத் தேடிப் பாருங்கள். பிரிட்டனின் கடைசி நிலக்கரி மின்நிலையமான அது 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது.