விசாரிப்பதும் வேவு பார்ப்பதும்

எங்க தர்மபுரிப் பக்கம் சம்பந்தம் பேசினால் முதல் கேள்வியே "நல்லா விசாரிச்சாச்சா?" தான். டீக்கடை விசாரிப்பு போக, இப்போ பட்டா, வில்லங்கம் எல்லாம் போனிலேயே பார்த்துவிடுகிறார்கள். அது பொது ஆவணம், சரி. கல்யாணத்துக்கு அப்புறமும் விசாரணை தொடர்ந்தால்?

2024 அக்டோபரில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், ஒரு பரமக்குடி விவாகரத்து வழக்கில் கணவர் தாக்கல் செய்த மனைவியின் அழைப்பு விவரப் பட்டியலை நிராகரித்தார். தம்பதிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறித் திரட்டியது சாட்சியம் ஆகாது என்றார். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றமோ, மனைவியுடன் பேசியதைக் கணவர் ரகசியமாகப் பதிவு செய்ததைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது.

அப்போ மதுரைத் தீர்ப்பு காலியா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஒலிப்பதிவில் இருப்பது கணவரும் பேசிய பேச்சு. அழைப்புப் பட்டியல் அப்படியில்லை. மனைவியின் அம்மா, தோழி, டாக்டர் என்று எல்லோருடைய நம்பரும், பேசிய நேரமும் அதில் இருக்கும். டவர் விவரம் சேர்ந்தால் அவர் எங்கே இருந்தார் என்பதும் தெரியும். அந்தத் தோழியிடம் யார் அனுமதி கேட்டது?

வேவு பார்க்கும் அளவுக்குப் போனால் அந்தத் திருமணம் ஏற்கெனவே முறிந்துவிட்டது என்பது உச்ச நீதிமன்றத்தின் வாதம். இங்கேதான் எனக்கு உடன்பாடில்லை. மனைவியின் சிம்மையே தன் பெயரில் வாங்கி, கல்யாணமான மறுநாளே போனைப் பார்க்க ஆரம்பிப்பவர்கள் உண்டு. ஊரில் அதை வேவு என்று சொல்ல மாட்டார்கள். "பொறுப்பான பையன்" என்பார்கள்.