அஞ்சடியும் லயமும்

மலேசியாவின் கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியின் பழைய கடைவரிசையில் அடைமழை பெய்தாலும் குடையில்லாமல் கடை கடையாக ஏறி இறங்கலாம். கடைகளின் முன்னால் கூரையின் கீழ் ஓடும் அந்த நடைவழி, அதாவது அஞ்சடி, கடைக்காரரின் தாராள மனசால் வந்ததல்ல, சட்டத்தால் வந்தது. 1822இல், பிரிட்டிஷ் மன்னர் நான்காம் ஜார்ஜ் காலத்தில், சிங்கப்பூருக்கு நகரத்திட்டம் வகுத்த ராஃபிள்ஸ், தெருவின் இருபுறமும் கூரையிட்ட நடைவழி தொடர்ச்சியாக, எந்நேரமும் திறந்தே இருக்க வேண்டும் என்று விதித்தார். அந்த வழக்கம்தான் பின்னர் இந்த ஊர்களுக்கும் வந்தது. ஒட்டிய சுவர், ஒரே மாதிரி முகப்பு, நேர்த்தெரு என்ற ஜார்ஜிய லண்டனின் கணக்கு, இங்கே வெயிலுக்கும் மழைக்கும் வளைந்து கொடுத்தது. அந்தக் காலத் திட்டங்களில் நான் மனதாரப் பாராட்டுவது இது ஒன்றைத்தான்.

ஆனால் இடம் கடைக்காரருடையது, வழி ஊருடையது. இந்த இழுபறி 1888இல் சிங்கப்பூரில் கலவரமாகவே வெடித்தது. இன்றும் ஒருவர் தன் கடை முன்னால் அரையடி உயர்த்தி டைல்ஸ் பதிப்பார். அடுத்தவர் மோட்டார் சைக்கிளை நிறுத்துவார். கைத்தடி ஊன்றி வரும் பாட்டி சாலையில் இறங்கித்தான் நடக்க வேண்டும்.

ராஃபிள்ஸின் அதே திட்டம் சூலியர் எனப்பட்ட தென்னிந்தியருக்கு ஒரு மூலை, சீனருக்கு ஒரு மூலை, ஐரோப்பியருக்குத் தனி வட்டாரம் என்றும் கோடு கிழித்தது. ஊர் வாழ்க்கை இப்படிப்பட்ட கோடுகளை மதிப்பதில்லை. 1786வரை கெடாவின் தீவாக இருந்த பினாங்கில், ஜார்ஜ் டவுனின் பிட் தெருவில், 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயமும் குவான் யின் கோயிலும் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும் ஒரே வரிசையில் நிற்கின்றன.

கோடு அப்படியே பலித்த இடம் கெடாவின் ரப்பர் தோட்டங்கள்தான். தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கும் ஒட்டிய சுவர், ஒரே கூரை, நேர்வரிசை. தெரு மட்டும் இல்லை. மண்சாலை, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்கும் ஆபீசுக்கும் ஆலைக்கும் போனது. மேட்டில் தோட்ட நிர்வாகியான துரையின் பங்களா. வெளியாள் தற்செயலாகக் கடந்து போகும் பாதையோ, பேரம் பேச இரண்டாவது கடையோ இல்லாத வரிசையைக் குடியிருப்பு என்பதைவிட ஆள் இருப்பு என்பதே பொருந்தும். அங்கே கோயில் திருவிழாவில் தேர் வலம் வரும்போதுதான் மண்சாலை தெருவானது. அதைச் செய்தது திட்டமல்ல, தொழிலாளர்கள்.

தோட்டம் துண்டாடப்பட்டதால் வெளியேறி வந்தவர்களுக்குத் தாமான் எனப்படும் புதுக் குடியிருப்பில் கிடைத்த வீடும் வரிசைதான். ஒவ்வொன்றுக்கும் தனிக் கேட். ரொட்டி வாங்கவும் வண்டி எடுக்க வேண்டும். நகராண்மைக் கழகங்கள் பழைய முகப்புகளுக்குச் சாயம் பூசுவது இருக்கட்டும். முதலில் அஞ்சடியின் தளத்தைச் சமப்படுத்தட்டும், தாமான் கடைவரிசையை வீடுகளோடு நிழல்வழியால் இணைக்கட்டும்.